நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர்

கோயமுத்தூரில் எல்லாமே கம்ப்யூட்டர் ஆகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கண்ணைக் கம்ப்யூட்டர் சோதித்தது. ஜாதகத்தைக் கம்ப்யூட்டர் கணித்தது. ஜாக்கெட்டில் மயில் வேண்டுமென்றால் அதையும் கம்ப்யூட்டர்தான் தைத்தது. ஆகவே சூலூர் வாடகைக் கார்க்காரர் ஐயாசாமி தம் பழைய காரை உக்கடம் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் எஞ்சின் கார் வாங்கியதில் வியப்பில்லை.

பழைய காரில் கார்புரேட்டர் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் குடுவை அது. புதுக் காரில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது.

வியாழக்கிழமை அதே ஊர் நஞ்சம்மாள் மகளுக்குக் கல்யாணம். கம்ப்யூட்டர் காரில்தான் பெண் வந்து இறங்க வேண்டும் என்று நஞ்சம்மாள் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருந்தார். அதற்குள் கார் பதிவாக வேண்டும்.

வண்டிகளைப் பார்வையிடும் ஆய்வாளர் அங்கப்பன் மிக நேர்மையானவர். கை நீட்ட மாட்டார். அதனால் அவரிடம் காரியம் நடக்கக் குறுக்கு வழியே இல்லை. செவ்வாய்க்கிழமை காரைச் சுற்றிவந்து படிவத்தை நிரப்பியவர், பதினொன்றாம் கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"கார்புரேட்டரைக் காட்டுங்க."

"இதுல அது இல்லீங்க சார். கம்ப்யூட்டருதானுங்க பெட்ரோல் உடுது."

"அது உடட்டுமுங்க, நான் வேண்டாங்கல. நீங்க கார்புரேட்டரைக் காட்டுங்க."

"இல்லாததை எப்படீங்க காட்டறது?"

"இங்க பாருங்க. நல்ல நிலையில் உள்ளதுன்னு ஒண்ணு, பழுதுன்னு ஒண்ணு. இல்லைன்னு எழுத எடமே இல்லீங்களே. அரசாங்கத்துக்குத் தெரியாம அது எப்படீங்க இல்லாமப் போகும்?"

ஐயாசாமி நேராக உக்கடம் போனார். பழைய இரும்புக் கடை மாசாணம், இந்த வாரத்தில் அவர் ஏழாவது ஆள் என்று சொல்லி ஒரு கார்புரேட்டரை எடுத்து நீட்டினார். ஐயாசாமி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவர் கையாலேயே பச்சை பெயிண்ட் அடித்தது.

எஞ்சின் பக்கத்தில் அதைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு புதன்கிழமை போனார். அது எதனுடனும் இணைந்திருக்கவில்லை. இணைந்திருக்கிறதா என்று கேட்கவும் படிவத்தில் கட்டம் இல்லை. அங்கப்பன் அதைக் குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார், 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார். கம்பியில் ஈய முத்திரை வைத்து, இதை அவிழ்த்தால் குற்றம் என்றும் அன்போடு சொல்லியனுப்பினார்.

வியாழன் காலை, மண்டபத்துக்கு ஒரு பர்லாங்கு இருக்கும்போது கார் நின்றது. கார் கம்பெனி மெக்கானிக் அருள்குமார் மண்டபத்திலிருந்து ஓடிவந்து மூடியைத் திறந்தார். கட்டியிருந்த குடுவை ஆடி ஆடிக் கம்ப்யூட்டர் வயரை அறுத்திருந்தது. குடுவையை எடுத்தால்தான் வயரைத் தொட முடியும். முத்திரையை உடைத்தால்தான் குடுவையை எடுக்க முடியும். கல்யாணத்துக்கு வந்துகொண்டிருந்த அங்கப்பன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முத்திரையைப் பார்த்தார். உடையாமல் இருந்ததில் அவருக்குத் திருப்தி.

மகளை இறக்கி நடத்திக் கூட்டிப்போகலாம் என்றால் நஞ்சம்மாள் ஒப்பவில்லை. ஏறி உட்கார்ந்த பெண் பாதி வழியில் இறங்கக் கூடாதாம். முகூர்த்தத்துக்கோ கால் மணி நேரமே இருந்தது. ஆகவே நஞ்சம்மாள், ஐயாசாமி, அருள்குமார், ஆய்வாளர் அங்கப்பன் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். ஐயாசாமி ஜன்னல் வழியே ஒரு கையால் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் நின்றிருந்தார். சத்தமில்லை, புகையில்லை, கார் மெல்ல வந்து நின்றது. பின்னாலும் பக்கத்திலுமாக நாலு பேர் மரியாதையாகக் கைவைத்துக்கொண்டு வந்தார்கள்.

"கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டருதானுங்க" என்றார் சென்னியப்பன். "எஞ்சின் ஓடறதே தெரியலையே!"

யாரும் மறுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தாலி கட்டியான பிறகு, பந்தியில், கார் ஏன் நின்றது என்ற ஆராய்ச்சி நடந்தது. அருள்குமார் வயரைப் பற்றி ஏதோ சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கப்பன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"அது பழைய கார்புரேட்டருங்க. புதுக் காருக்குப் புதுசுதானுங்க கட்டோணும்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த மாதம் அருள்குமாரின் கம்பெனி வாசலில் பலகை வைத்தார்கள்: 'கம்ப்யூட்டர் எஞ்சின் கார். அரசு முத்திரையிட்ட புத்தம்புது கார்புரேட்டருடன்.' முதல் காருக்கு முன்பணம் கட்டியவர் சென்னியப்பன். கார்புரேட்டர் மட்டும் அதே பச்சை நிறத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.