சுண்ணாம்பு பூசிய சம்மனசு

எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று மாரண்டஹள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.) நாலாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கி எறிந்தவன், இன்று சொந்தத் தக்காளி மண்டி, இரண்டு லாரி. காட்டு யானை எதிரே வந்து நின்றபோதும் வாயிலிருந்த பீடியை அணைக்காதவன்.

ஆனால் டிவியில் மாயாஜாலத் தொடர் போட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன். தேவர்கள் எல்லாரும் மைதா மாவு நிறம். அரக்கன் மட்டும் என் நிறம். பேரப்பிள்ளைகள் அரக்கனைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த வெள்ளைத் தேவர்கள் மேகத்திலிருந்து இறங்கும்போது என் முதுகு எரிய ஆரம்பித்துவிடும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எரிகிறது.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊர். மாதா கோயில் திருவிழாவன்று பூசையும் விருந்தும் முடிந்து வெயில் சாயும் நேரத்தில் நாடகம் போடுவோம். பசாசு ஒன்று இளவரசியைக் குகையில் அடைத்துவைக்கும். சம்மனசு, அதாவது தேவதூதன், வானத்திலிருந்து இறங்கிப் பசாசைக் கொன்று அவளை மீட்கும். வருஷா வருஷம் இதே கதைதான். எழுதியவர், பாட்டுக் கட்டியவர், பிரம்போடு நின்று நடத்துகிறவர் எல்லாமே எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. சிவந்தவன் சம்மனசு, கறுத்தவன் பசாசு. பொம்பளை மேடை ஏறக் கூடாது. அதனால் எங்கள் ஊரில் நல்ல சிவப்பான சின்னப்பன் சம்மனசு. இன்னாசி மீசையை எடுத்துவிட்டு இளவரசி. நான் மூன்று வருஷமாகப் பசாசு. "இவனுக்கு மேக்கப்பே தேவையில்ல, கொம்பு மட்டும் போதும்" என்று உபதேசியார் பூரித்துப்போவார்.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வீட்டார் வந்து, என் முகத்தைப் பார்த்து, காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக அதியமான்கோட்டையில் ஒரு இடம் பார்த்துவிட்டு வந்த என் தாய்மாமன் வியர்த்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, பையன் மாநெறம்னு சொல்லிப்புட்டன்."

"என்ன மாமா, இப்படிப் புளுகிட்டு வந்திருக்கீங்க!"

"திருவிழாக்கு வர்றாங்க. பையன் நாடகத்துல சம்மனசா வருவான்னும் சொல்லிப்புட்டன். இதுவும் போச்சுன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல உனக்குப் பொண்ணு கெடையாது, பாத்துக்க."

நேராக உபதேசியாரிடம் போனேன்.

"இந்த வருசம் நான்தாங்க சம்மனசு."

"டேய் சவரிமுத்து, சம்மனசு மோட்சத்துல இருந்து வர்றதுடா. நீ கரி மூட்டத்துல இருந்து வர்றாப்பல இருக்கற."

"அப்ப மேடைக்குப் பலகையும் வராதுங்க." (ஊரில் அவ்வளவு பலகை ஏற்ற என் மாட்டுவண்டி ஒன்றுதான் இருந்தது. வியாபாரம் எனக்குப் பிறவியிலேயே வந்தது.)

அவர் பிரம்பால் தொடையைத் தட்டி யோசித்தார். "சரி, தொலை. உன் தோலு ஒரு இடத்துலயும் தெரியக் கூடாது."

திருவிழாவன்று மேக்கப் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பொடி டப்பா காலி. இன்னாசி முகம், கழுத்து, முதுகு, முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டு கண்ணாடி முன்னால் நெளிந்துகொண்டிருந்தான்.

"பாவி, எனக்கு மிச்சம் வெக்கக் கூடாதா?"

"போடா இவனே. எளவரசி செவப்பா இல்லாட்டி எந்தச் சம்மனசுடா எறங்கி வருவான்?"

வெளியே எட்டிப் பார்த்தேன். அதியமான்கோட்டைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் கோயிலின் பின்சுவரோரம் அந்த வாளி கண்ணில் பட்டது. திருவிழாவுக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் மட்டைகூட அதிலேயே ஊறிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய கோயிலை வெளுக்க வைத்தது என்னையா வெளுக்க வைக்காது? முகம், மார்பு, முதுகு, கை என்று இரண்டு கோட்டிங் அடித்தேன். கண்ணைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டேன். அந்த மட்டுக்கு அறிவு இருந்திருக்கிறது. குளுகுளுவென்று சுகமாக இருந்தது.

மேடையை ஒட்டிய புளியமரக் கிளையில் ஒரு பலகை கட்டி, பஞ்சு ஒட்டி, மேகம் செய்திருந்தார்கள். திரை விலகும் முன்பே சம்மனசு ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். ஏணியை எடுத்துவிடுவார்கள். இளவரசி "வானத்துத் தூதனே, வாராயோ" என்று கூப்பிட்டால்தான் கயிற்றைப் பிடித்து இறங்கலாம். மேலே போன பிறகுதான் எனக்கு உயரம் என்றால் நடுக்கம் என்று தெரிந்தது. கீழே முதல் வரிசையில் மாமா, பக்கத்தில் பெண்ணின் அப்பா. பெண்கள் பக்கத்தில் பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் என்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எனக்குப் பார்த்த ஆரோக்கியமேரி. மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

முதல் பாட்டில் லேசாக அரித்தது. பயத்தில் வியர்க்க வியர்க்க, இரண்டாவது பாட்டில் எறும்பு கடிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது பாட்டுக்கு இன்னாசிக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அந்தப் பாவி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். என் தோல் சுருங்கி இழுத்தது, முதுகில் அடுப்பு எரிந்தது. ஆண்டவன் கறுப்பாகப் படைத்ததை வெள்ளையடித்தேன் அல்லவா, நரகம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று நிச்சயமாக நம்பினேன். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை.

"ஐயோ, எரியுதே!" என்று அலறினேன்.

ஜனம் கைதட்டியது. அக்கினி சம்மனசு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கயிற்றைப் பிடித்தேனா விட்டேனா தெரியாது. இன்னாசியின் மேல் போய் விழுந்தேன். அவன் டோப்பா முடி என் கையோடு வந்துவிட்டது. இளவரசி மொட்டைத் தலையோடு "ஆத்தா!" என்று ஓடினாள். என் இடத்தில் பசாசாகக் கரி பூசிய சின்னப்பன் சூலத்தோடு பாய்ந்து வந்து வசனம் ஆரம்பித்தான்: "அடே சம்மனசே! உன்னைச் சாம்பலாக்குவேன்!"

நான் அவன் காலைக் கட்டிக்கொண்டேன். "ஏற்கெனவே ஆயிட்டன்டா! காப்பாத்துடா சின்னப்பா!"

சம்மனசு பசாசிடம் உயிர்ப்பிச்சை கேட்ட நாடகம் உலகத்திலேயே அது ஒன்றுதான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்போது பெண்கள் பக்கத்தில் குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆரோக்கியமேரி மேடையில் ஏறினாள்.

உபதேசியார் பிரம்போடு ஓடிவந்தார். "எம்மா, எறங்கு! பொம்பள மேடை ஏறக் கூடாது!"

"அப்ப நீங்க வந்து ஊத்துங்க. சுண்ணாம்பு பூசியிருக்காருங்க, தெரியலயா? எங்கூட்டுக்கு வருசா வருசம் வெள்ளையடிக்கறவ நானு. நாடகம் ஆரம்பிச்சதுல இருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கறன்." என் பக்கம் திரும்பினாள். "கண்ண இறுக்கி மூடுங்க."

உபதேசியார் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த குடத்தை எடுத்துக் கொடுத்தார். குடம் குடமாகத் தண்ணீர் விழுந்தது. எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. வெள்ளை எல்லாம் பாலாக ஓடி, உள்ளே இருந்த நான் வெளியே வந்துகொண்டிருந்தேன், அவள் அப்பாவின் கண்ணெதிரே. "போதுங்க, போதுங்க" என்றேன். அவள் நிறுத்தவில்லை. காதுக்குப் பின்னால்கூட விடவில்லை. ஒரு சொட்டு வெள்ளை மிச்சமில்லாமல், ஊர் முழுக்கப் பார்க்க, மேடை நடுவில் அசல் சவரிமுத்துவாக நின்றேன்.

அவள் அப்பா எழுந்தார். மாமாவைப் பார்த்தார். "மாநெறம்னு சொன்னீங்க?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆரோக்கியமேரி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கழுவிப் பாத்துட்டம்பா. கெட்டிச் சாயம். வெளுக்கல."

கூட்டம் சிரித்தது. அவள் அப்பா சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

தோல் உரிந்து புதுத் தோல் வர ஒன்றரை மாதம் ஆனது. (முன்னைவிடக் கறுப்பாக.) அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். அடுத்த வருஷம் நானே போய்க் கொம்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். உபதேசியார் சட்டம் மாறவில்லை. ஆனால் மேடை ஓரத்தில் நாலு குடம் தண்ணீரும், அவற்றின் பக்கத்தில் ஆரோக்கியமேரிக்கு ஒரு நாற்காலியும் போட்டுவைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் வெள்ளையடித்தால் இன்றும் வாளிக்கு மூடி போட்டு, மேலே கல்லும் வைப்பாள் என் மனைவி. போன மாதம் பேத்திக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவில் பையன் பாலாக இருந்தான். படிப்பு, வேலை, சம்பளம் என்று தரகர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"கழுவிப் பாத்தாச்சுங்களா?"