பிரகதாம்பாள் என்கிற கம்ப்யூட்டர்

புதுக்கோட்டைச் சீமையிலேயே கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று சிவசாமி வாத்தியாருக்கு ஒரு நினைப்பு. 1967 கோடை விடுமுறையில் மெட்ராசுக்குப் போய் நாலு வாரம் பாடம் கேட்டுவிட்டு வந்தவர். மிஷினைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அது போதாதா? கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டு சும்மா இருந்த மனுஷர், கம்ப்யூட்டர் அறிமுக வகுப்பு நடத்தியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

பிரின்சிபால் ஆத்மநாதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மிஷினே இல்லாம எப்படிய்யா நடத்துவீர்?"

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு டிபன் சாப்பிட வாங்க சார். காட்டுறேன்."

சொல்லிவிட்டார். மிஷினுக்கு எங்கே போவது? வீட்டில் மனைவி பிரகதாம்பாள் இருந்தாள்.

"பிரகதா, சனிக்கிழமை நீதான் கம்ப்யூட்டர். தாள்ல எழுதினதை மட்டும் செய்யணும். சொந்த புத்தி கூடாது."

"செஞ்சாப் போச்சு. ஞாயித்துக்கெழமை கறம்பக்குடியில எங்க அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. அத்தைக்காரி நான் போகாம எப்படிங்க? ஒரு வாரமாக் கேக்குறேன்."

"மிஷின் பேசாது."

அவள் பேசவில்லை. அப்போதே மனுஷர் சுதாரித்திருக்க வேண்டும். அவ்வளவு விவரம் பத்தாது, பாவம்.

சனிக்கிழமை பிரின்சிபால் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சிவசாமி தாளைப் பெருமையாக வாசித்துக் காட்டினார். ஒன்று, இரண்டு பணியாரம் வை. இரண்டு, தின்று முடித்ததும் 'இன்னும் வைக்கவா?' என்று கேள். மூன்று, 'வைங்க' என்றால் முதல் வரிக்குப் போ. நாலு, 'போதும்' என்றால் அது ஒப்புக்குச் சொல்வது, நம்பாதே, முதல் வரிக்குப் போ. ஊர் வழக்கத்தையே மிஷினுக்குள் ஏற்றிவிட்டோம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு பணியாரம் வரை பிரின்சிபால் ரசித்துத்தான் சாப்பிட்டார். எட்டில் போதும் என்றார். பத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். இலையில் மிச்சம் வைத்து எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்று நினைக்கிற மனுஷர், எழுந்திருக்கவும் முடியவில்லை.

"பிரகதா, நிறுத்து."

"நிறுத்துன்னு தாள்ல எங்கயுமே இல்லீங்களே."

"எழுதித் தாரேன். பேனா எங்க?"

"நானே எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினாள். முதல் வரி: ஞாயிறு காலை பஸ்ஸில் கறம்பக்குடி போக வீட்டுக்காரர் சம்மதித்தால், பணியாரத்தை நிறுத்து.

சிவசாமி அந்த வரியையே இன்னொரு தடவை படித்தார். இலையில் பதினாலாவது விழுந்தது.

"போட்டுத் தொலையுமய்யா கையெழுத்தை" என்றார் பிரின்சிபால்.

போட்டார். பணியாரத் தட்டு கீழே இறங்கியது.

பிரின்சிபால் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, இதை நேராவே கேட்டிருக்கலாமே?"

"மனுஷியா ஒரு வாரம் கேட்டேன் சார், காதுல விழல. மிஷினாக் கேட்டேன், ஒடனே நடந்துருச்சு."

பிரின்சிபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பத்தான்யா வெளங்குது. எழுதினதைத்தான் செய்யும், நிறுத்துறதையும் நாமதான் எழுதணும். திங்கக்கிழமையே வகுப்பை ஆரம்பிச்சிரும்."

சிவசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வகுப்பு கிடைத்துவிட்டது, ஒரு நாள் கறம்பக்குடி போனால் என்ன குறைந்துவிடும்?

"ஞாயித்துக்கெழமை சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிரலாம் பிரகதா."

"ரெண்டாவது வரியப் படிக்கலீங்களா?"

படித்தார். 'என் அண்ணன், போதும் ஊருக்குக் கிளம்புங்க என்று சொல்லும்வரை அங்கேயே தங்கு.'

தங்கச்சியைப் பார்த்து அப்படிச் சொல்கிற அண்ணன் கறம்பக்குடிப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.