வானொலியில் நான் போட்ட தவணை

நாற்காலியை விட்டு இறங்கினாலும் நாற்காலிப் பழக்கம் போகாது. (உத்தியோகம் பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்கள், தனக்கு அப்படி இல்லையென்று சாதிப்பார்.) நீதவானாக இருந்து ஓய்வு பெற்று, மாத்தளை அலுவிகாரையில் குடியிருந்த எனக்கு, கொழும்பு வானொலியில் நேயர்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு வந்தது. ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். புதுக் கோட்டு வேறு தைத்தேன். வானொலியில் கோட்டு தெரியாது என்று மனைவி சொன்னபோது எரிச்சலாக இருந்தது.

காலையில் நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் தபாலட்டைகளைப் படிக்க, நான் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கே எனக்குத் தெரிந்த சட்டம் முழுவதையும் கொட்டினேன். கடைசி அட்டை எங்கள் மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலவிலிருந்து, கணவனை இழந்த ரஹீமா உம்மா எழுதியது. "வாடகை ஒழுங்காகக் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை சாமான்களைத் தெருவில் போடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகளோடு எங்கே போவேன்?"

"வாடகைச் சட்டத்தின் பின்னணியை முதலில் பார்ப்போம்" என்று நான் தொடங்கவும், கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டினார். நீதிமன்றத்தில் எழுத்தர் மணிக்கூட்டைக் காட்டினால் என்ன செய்வேனோ, அதையே செய்தேன்.

"இந்த வழக்கு அடுத்த தவணைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை இரு தரப்பினரும் இருந்தபடியே இருக்க வேண்டும்!"

சொல்லிவிட்டுக் கம்பீரமாக எழுந்தேன். அறிவிப்பாளர் பாவம், பயத்தில் அவரும் எழுந்து நின்றுவிட்டார். நாடே கேட்டுக்கொண்டிருக்க, ஒலிவாங்கியின் முன்னால் பேச ஆளில்லை. அடுத்த வாரம் வர வேண்டாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள்.

ரயிலில் வரும்போது அவமானத்தைவிட அந்த வெள்ளிக்கிழமைதான் என்னை அரித்தது. வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்கடை தவணையிலை அந்த மனிசி பிள்ளையளோடை தெருவிலை நிண்டா என்ன செய்வியள்? விடிஞ்சதும் போய் விளங்கப்படுத்திப்போட்டு வாங்கோ."

மறுநாள் காலை, அட்டையிலிருந்த விலாசத்துக்கு பஸ் பிடித்துப் போய், யாரென்று சொன்னேன். ரஹீமா உம்மா முந்தானையால் தலையை மூடியபடி ஓடி வந்தார்.

"ஜட்ஜ் ஐயாவா? வாங்க, வாங்க! வீட்டு முதலாளி நேத்தே வந்தாரு. 'ரேடியோவுல தவணை போட்டுட்டாங்க, இனி நா கை வச்சா என்னய உள்ள போட்டுருவாங்க'ண்டு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

மெல்லச் சொன்னேன்: "அம்மா, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. அதைத்தான் நேற்று சொல்லியிருக்க வேண்டும். நான் போட்ட தவணை செல்லாது."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார்.

"செல்லாதுண்டு முதலாளிக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க ஐயா. நேத்து ராவுதான் புள்ளைகளோட நிம்மதியா தூங்கினேன்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்; முதலாளியிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாத்தளைச் சந்தையில் முதலாளி என்னைக் கண்டாலே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, அடுத்த தவணை எப்ப?" என்பார். நானும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "அறிவிப்போம்" என்பேன்.

ரஹீமா உம்மாவின் மகளுக்கு அந்த வீட்டிலேயே கலியாணம் நடந்தது. விருந்து முடிந்து புறப்படும்போது முதலாளி வாசலில் வைத்து அதே கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பேரப்பிள்ளை பிறக்கட்டும், பாப்பம்."

அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகத்தான் என் பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள்.