ஆர்டிஸின் கம்பளக் குஞ்சம்

வேக்குவம் கிளீனர் கம்பளத்தின் குஞ்சத்தைக் கவ்விக்கொண்டு உறுமியது. லோரன் ஹாகன் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். உறுமல் நின்றது, கவ்வல் நிற்கவில்லை.

ஃபார்கோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது ஆர்டிஸ் புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“நடுவுல மட்டும் தேய். குஞ்சத்துக்கிட்ட மெஷின் போகக் கூடாது. உன் கையும் போகக் கூடாது. நான் வரும்போது கம்பளம் சுத்தமா, முழுசா இருந்தா, ஒரு வாரம் ஏரியில தூண்டில் போட்டுக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்.”

ஆர்டிஸ் ஒரு வாரம் வாய் திறக்காமலிருப்பதும், மினசோட்டா ஏரி ஜனவரியில் கொதிப்பதும் ஒன்று. இந்தப் பாக்கியம் இன்னொரு ஜென்மத்தில் வாய்க்காது. உறைந்த ஏரி மேல் நிறுத்தும் தூண்டில் குடிசைக்கு லோரன் பச்சை பெயின்ட்கூட அடித்துவிட்டார்.

அந்தக் குடிசைதான் இப்போது மெஷினின் வாயில் இருந்தது.

இழுத்தார். பாதிக் குஞ்சம் வந்தது. மீதி உள்ளேயே குடியேறிவிட்டது.

கிழிசல் தெரியாமலிருக்கக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். இந்த முனை குட்டையாகிவிட்டது. அந்த முனையையும் வெட்டினார். அது இன்னும் குட்டை. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கு மாதிரி மாறி மாறி வெட்டியதில், இரண்டு முனையிலும் நகத்தளவே மிஞ்சியது.

போதாக்குறைக்கு மெஷினின் ரப்பர் வார் கருகி, கம்பளம் டயர் கடை மாதிரி நாறியது.

நாற்றத்துக்கு அந்த ஊரில் பரம்பரை வைத்தியம் உண்டு. கம்பளத்தைப் பொடிப்பனியில் குப்புறப் போட்டு அடித்தால் தூசி, வாடை எல்லாம் பனியோடு போய்விடும். லோரன் வாசலில் போட்டு, ஏழு ஜென்மத்துக் கோபத்தோடு அடித்தார். பிறகு காப்பி குடிக்க உள்ளே போனார்.

காப்பி வாய்க்குப் போவதற்குள் வெளியே கடகடவென்று சத்தம்.

பக்கத்து வீட்டு டுவேன் யாரும் கேட்காமலே ஊர் வாசலில் எல்லாம் பனி வாரித் தள்ளுகிற புண்ணியவான். அவனுடைய பனி வாரும் இயந்திரம் வானத்தை நோக்கி வெள்ளை நூல்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

“நிறுத்துப்பா!”

“ஏன்யா, இந்தக் குளிர்ல ஜமக்காளம் விரிச்சு பிக்னிக்கா போற?” என்று டுவேன் குனிந்து பார்த்தான். “கவலைப்படாத. ஓரத்தைத்தான் கடிச்சிருக்கு. அந்தப் பக்கமும் ஓரம்தான்.”

“ஓரத்துலதான்யா என் உயிரே இருக்கு. ஆர்டிஸ்கிட்ட மூச்சு விட்டுடாத.”

“உன் விஷயத்துல நான் கல்லுப்பா.”

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைக் குடைந்தார் லோரன். தரை துடைக்கும் மாப் இரண்டு இருந்தன. ஒன்று ஏற்கெனவே மொட்டை. ஏன் மொட்டை என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. மற்றதன் வெள்ளை நூலை வெட்டியெடுத்து, தூண்டில் நரம்பால் இரண்டு முனையிலும் வரிசையாகத் தைத்தார். விரலில் குத்திய ஊசியை எண்ணினால் முள்ளம்பன்றி வெட்கப்படும்.

கடைசி முடிச்சைப் போடவும் ஆர்டிஸின் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்பளத்தின் அருகே மண்டியிட்டாள்.

“குஞ்சத்தைத் தொடலையே?”

“அந்தத் திசைக்கே நான் கும்பிடு போட்டுட்டேன்.”

ஆர்டிஸ் ஒரு நூலைத் தடவினாள். இன்னொன்றைத் தடவினாள். லோரனின் இதயம் ஏரியின் அடிமட்டத்துக்குப் போனது.

“அப்படியே இருக்கு,” என்று பெருமூச்சு விட்டாள். “போ, மீன் பிடி.”

கதவு தட்டப்பட்டது. டுவேன், தன் மனைவி பெவ் கொடுத்தனுப்பிய, ஹாட்டிஷ் என்ற அந்த ஊர்ச் சூடான சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றான். ஆர்டிஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து லோரன் உதட்டில் விரல் வைத்தார். டுவேன் கண்ணடித்தான், கல் என்றால் கல்தான்.

பாத்திரத்தை ஆர்டிஸிடம் நீட்டியபடியே அவன் சொன்னான்: “பெவ் கேக்கச் சொன்னா ஆர்டிஸ், போன வருஷம் உன் வேக்குவம் குஞ்சத்தைத் தின்னப்போ அவ தச்சுக் கொடுத்தாளே மாப் நூலு, அது இன்னும் தாக்குப் பிடிக்குதா?”