ராஜாவின் தாடி நரைத்த ஞாயிற்றுக்கிழமை

நெய்வேலிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கறுப்பாக எதைப் பார்த்தாலும் கை தானாகத் துணியைத் தேடும். ஜன்னல் கம்பி, சைக்கிள் சீட், கொடியில் காயும் வெள்ளைச் சட்டை என்று எல்லாவற்றின் மேலும் கரித்தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர். நான் வளர்ந்தது டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில்தான் என்றாலும், துடைப்பதில் டவுன்ஷிப் ஆட்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவன் இல்லை. அந்தத் திறமைதான் என் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். சர்ச் பாடகர் குழுவில் என் பக்கத்து வரிசையில் நின்று பாடிய ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் பிடித்துப்போய்விட்டது. (நான் பாடியதைக் கேட்ட பிறகும் பிடித்தது என்பதால் அது உண்மையான காதல்தான்.) அவளுடைய அப்பா மரியதாஸ் மைன்ஸில் கன்வேயர் பிரிவில் சீனியர். பர்மனென்ட். நெய்வேலியில் பெண் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது மாப்பிள்ளையின் பெயரை அல்ல, பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்பதைத்தான். ஸ்டெல்லா வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வூட்டுக்கு வரச் சொல்லு. ஆளப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம்.

ஆள் போனான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கிலோ ஆப்பிள். சம்பளத்தைக் கேட்பார், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்பார் என்று பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவரோ ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே நீல வெல்வெட் குழிகளில் வெள்ளி ரூபாய்கள், கிரீடமும் தாடியும் வைத்த வெள்ளைக்கார ராஜா தலையோடு, வருட வரிசையில். முதல் குழி மட்டும் காலி.

"அது 1911. பன்னிக்காசு" என்றார்.

நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. முதல் வருடக் காசில் அதற்குத் தும்பிக்கை குட்டையாகிப் பார்ப்பதற்குப் பன்றி போல இருந்துவிட்டது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அரசாங்கம் காசைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. தப்பிப் பிழைத்ததற்குத்தான் இப்போது கிராக்கி. பாண்டிச்சேரியில் ஒரு வக்கீலிடம் ஒன்று இருந்தது. இவரிடம் 1922ஆம் வருடக் காசுகள் இரண்டு இருந்தன, அதுவும் லேசில் கிடைக்காத வருடம். ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. வக்கீல் அன்றைக்கு நாலு மணிக்கு வருவதாக இருந்தார். அந்தக் காலிக் குழியை மூடுவதற்காக மனிதர் பல வருடமாகக் காத்திருக்கிறார் என்பது பேசும்போது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் வாசலில் மைன்ஸ் ஜீப் வந்து நின்றது. கன்வேயர் பெல்ட் நின்றுபோச்சாம். அவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வக்கீல் சார் வந்தா உக்கார வெச்சிப் பேசிக்கினு இரு. டேபிளத் தொடச்சி காச எடுத்து வைய்யி. வந்துடுறேன்."

இப்போது உங்களுக்குத் தெளிவாகப் புரிகிறது. துடைக்க வேண்டியது டேபிள். எடுத்து வைக்க வேண்டியது காசு. மாமனாரின் மனதில் இடம் பிடிக்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கோ 'தொடச்சி' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறவில்லை. பெட்டியைப் பார்த்தேன். காசெல்லாம் ஓரம் கறுத்து, நடுவே நீலமும் பழுப்புமாக இருந்தன. பாவம், எத்தனை வருடத் தூசியோ!

ஸ்டெல்லா எச்சரித்தாள். "அப்பா அதத் தொடவே கூடாதுன்னு சொல்லுவாரு."

"கையாலதான தொடக்கூடாது? நான் பிரஷ்ஷாலதான் தேய்க்கப்போறேன்" என்றேன். (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நான் மூன்று ஃபேஸ் லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவளுடைய அம்மா என் கட்சி. "நானும் எத்தினியோ தடவ கேட்டுட்டேன், கிட்டக்கூட வுட மாட்டாரு இந்த மனுசன். நீயாச்சும் தேய்ப்பா" என்று பல்பொடி டப்பாவையும் பழைய பிரஷ்ஷையும் நீட்டினார். பல்பொடிக்கு மசியாத இடங்களுக்குப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டேன். ராஜாவின் கறுத்த தாடி பத்தே நிமிடத்தில் நரைத்தது. கிரீடம் பளிச்சிட்டது. 1922இல் மட்டும் ஒரு தொல்லை. பின்பக்கம் அடியில் உள்ள பூவுக்குக் கீழே ஒரு பொட்டு அழுக்கு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நான் விடுவேனா? ஸ்டெல்லாவிடம் ஊக்கு வாங்கி நோண்டினேன். கொஞ்சம் மழுங்கியது. அதே வேகத்தில் இன்னொரு 1922க்கும் வைத்தியம் பார்த்தேன்.

வக்கீல் சொன்ன நேரத்துக்கு வந்தார். டேபிளில் காசுகள் தீபாவளிக் கடை எவர்சில்வர் போல மின்னிக்கொண்டிருந்தன. அவர் லென்ஸை எடுத்தார். ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருங்க தேச்சது?"

"நான்தான் சார்" என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளும் பணிவோடு.

"இந்தக் கறுப்பு ஏற எழுவது எம்பது வருசம் ஆச்சு. எறக்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்கூட ஆகல சார்."

அவர் நல்ல மனிதர். திட்டவில்லை. ஆனால் பொறுமையாக விளக்கினார், அது அதைவிடக் கொடுமை. பழசு என்பதற்காக மட்டும் காசுக்கு மதிப்பு வந்துவிடாதாம். எந்த வருடம், எந்த நாணயச்சாலையில் அச்சடித்தது, இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். எல்லாவற்றுக்கும் மேலே, காலம் அதன் மேல் போர்த்திய அந்தத் தோல் உரியாமல் இருக்க வேண்டுமாம். உரித்துவிட்டால் மிஞ்சுவது வெள்ளியின் எடைதான். பிறகு 1922ஐத் திருப்பினார். "இது அழுக்கில்ல தம்பி. பம்பாய்ல அச்சடிச்சதுக்கு அடையாளம் இந்தப் பொட்டு. இதத்தான் நோண்டியிருக்கீங்க."

ஸ்டெல்லாவின் அம்மா மெதுவாகப் பல்பொடி டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். கட்சியே கலைந்துவிட்டது. வக்கீல் பன்றிக்காசைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். எனக்கும் அவரோடு பாண்டிச்சேரிக்கே ஓடிவிடலாம் போல இருந்தது. ஸ்டெல்லாவின் கண்ணைப் பார்த்தேன், கலங்கியிருந்தது. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

மரியதாஸ் அங்கிள் தலை முதல் கால் வரை கரியோடு வந்தார். அவரையும் துடைக்க வேண்டும் என்று ஒரு கணம் கை பரபரத்தது. எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். காசு போனதற்காக மட்டும் இல்லை, அந்த மனிதர் ஆசையாகச் சேர்த்ததைப் பாழாக்கிவிட்டேனே என்றும் துக்கம்.

அவர் உட்கார்ந்தார். 1922ஐ எடுத்து விளக்கின் கீழ் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகளின் சந்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகத்தைப் பார்த்தார்.

"ஒரு பொட்டு அழுக்கு வரலியே" என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். "இன்னிக்கு எதுக்கு ஜீப் வந்துச்சி தெரியுமா? டிரம்முல ஈரக்கரி ஒட்டிக்கினு பெல்ட் ஓரமா போயி மாட்டிக்கிச்சி. தொடைக்க வேண்டியவன் மேலாக்க ஒரு தொட தொடச்சிட்டுப் பூட்டான். இவன் பாரு, ராஜா காதுக்குள்ளகூட வுடல. இந்த மாரி ஒருத்தன் அங்க இருந்தா நான் ஞாயித்துக்கிழம வூட்ல தூங்குவேன்."

திட்டுகிறாரா, புகழ்கிறாரா என்று எங்களுக்குப் புரியவில்லை. "மொதல்ல பயலுக்குக் காபி குடு" என்றபோதுதான் ஸ்டெல்லாவின் அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

மூன்று மாதம் கழித்து நிச்சயதார்த்தம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஸ்டெல்லாவின் பெரியப்பா, நிறைந்த சபையில், சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "மாப்ள பர்மனென்ட்டா?"

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

"கான்ட்ராக்ட்தாண்ணே" என்றார் மாமனார், ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டு. "ஆனா நான் தேச்சிப் பாத்துட்டேன். சாயம் போவல."

விவரம் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் புடவை வாங்கினாலும், பெண் பார்க்கப் போனாலும், ஏன், புதிதாக ஒரு தோசைக்கல் வாங்கினாலும், "தேச்சிப் பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் ஸ்டெல்லா தீர்ப்பை மாற்றிவிடுவாள்.

"எங்கப்பா இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சிப் பாத்திருக்கணும்."