பை எட்டான நாள்

பெண் பார்க்கப் போகும் வீட்டில் மாப்பிள்ளைக்கு வேலை மிகக் குறைவு. கதிரையில் இருக்க வேண்டும், தேநீரைச் சிந்தாமல் குடிக்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கொழும்பில் எத்தனையோ சாதாரண மூளைக்காரர்கள் இந்தப் பரீட்சையில் தேறி, கலியாணம் கட்டி, பிள்ளைகுட்டியோடு காலிமுகத்திடலில் கடலை கொறித்துத் திரிகிறார்கள். நான்தான் அந்தப் பரீட்சைக்குக் கூடுதலாகப் படித்துக்கொண்டு போனவன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் அம்மாவும் நானும். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. கூடவே ஒரு வியாதியும் இருந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னரே, அன்றைய திகதியில் உலக வரலாற்றில் என்னென்ன நடந்தது என்று போனில் தேடிப் படித்துவிடுவேன். படித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் விடுவேன். அலுவலகத்தில் நான் லிஃப்டுக்குள் ஏறினால் மற்றவர்கள் படியால் இறங்கிப் போனார்கள். (எல்லோருக்கும் உடற்பயிற்சியில் ஆர்வம் என்று நினைத்திருந்தேன்.)

பெண் கொட்டாஞ்சேனை. பெயர் கௌசி. கட்டட நிறுவனம் ஒன்றில் கியூ.எஸ். வேலை. அதாவது ஒரு கட்டடத்துக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து என்று அளந்து கணக்குச் சொல்வது. சாதகம் பொருந்திவிட்டது. போய்ப் பார்ப்பதற்குக் குறித்த நாள் மார்ச் பதினான்கு.

திகதியைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. அது என்ன லேசுப்பட்ட நாளா? நாக்கை நீட்டிக்கொண்டு படத்துக்கு நின்றாரே, தலைமயிர் கலைந்த விஞ்ஞானி, அவர் பிறந்த நாள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கருந்துளைகளை ஆராய்ந்த மேதை இறந்த நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பை நாள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவதால் மூன்று, பதினான்கு என்று வரும். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் 3.14. இப்படி ஒரு நாளில் கணக்குத் தெரிந்த பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றால், பிரபஞ்சமே எனக்காகக் கலியாணத் தரகு பார்க்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஓட்டோவில் போகும்போது அம்மா காலி வீதி முழுவதும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். "அங்க போய் வாயைத் திறக்காத. கேட்டால் ஓம் எண்டு சொல்லு. காணும்."

கௌசிக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் எந்த முடிவும் அவருடைய பெரியப்பாவுடையது. முப்பத்தைந்து வருடம் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு எதிரில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கௌசியின் அம்மா. நடுவில் மேசையில் வடை, பற்றிஸ், வாழைப்பழம். அவற்றோடு, ஐசிங் பூசிய பெரிய வட்டக் கேக் ஒன்று வெட்டாமல் இருந்தது. பேச்சு சரிவந்தால் வெட்டுவதற்காக வைத்திருந்தார்களாம்.

கௌசி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்குள் குனிந்துவிட்டார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. அந்த அமைதியைப் பொறுக்காமல் கௌசியின் அம்மா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: "இண்டைக்கு நல்ல நாளெண்டு பாத்துத்தான் வரச் சொன்னனாங்கள்."

எனக்கு அது போதும்.

நல்ல நாள்தான் என்று தொடங்கினேன். நாக்கு விஞ்ஞானியின் பிறப்பைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் தந்த உற்சாகத்தில் கருந்துளை மேதையின் மறைவுக்குப் போனேன். அதோடு விட்டேனா? தொழிலாளருக்காக எழுதிய தாடிக்காரத் தத்துவஞானியும் இதே மார்ச் பதினான்கில்தான் கண்ணை மூடினார் என்றேன். பெண் பார்க்க வந்த இடத்தில், வடை ஆறுவதற்குள் இரண்டு சாவு. கௌசியின் அம்மா சுவரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தார். என் அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். இடம் நெருக்கம், தவறுதலாகப் பட்டுவிட்டது என்று நினைத்து நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் விட, இண்டைக்குப் பை நாள், அன்ரி" என்றேன்.

கௌசியின் அம்மா சட்டென்று எழுந்து குசினிக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சொப்பின் பை. மிச்சப் பலகாரத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். என் அம்மாவின் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தப் பை இல்லை என்று விளக்கினேன். பெரியப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பை எண்டால் இருபத்திரண்டின் கீழ் ஏழு. அதுக்கு என்னத்துக்குத் தம்பி ஒரு நாள்?"

இந்த இடத்தில் மூளையுள்ள மாப்பிள்ளை "ஓம் பெரியப்பா" என்று சொல்லியிருப்பான். நான் அது சரியான பெறுமானம் இல்லை, அண்ணளவுதான் என்றேன். அறையில் மின்விசிறிகூட ஒரு சுற்றைத் தவறவிட்டது போலிருந்தது.

"அப்ப நான் முப்பத்தஞ்சு வருஷமாப் பிள்ளையளுக்குப் பொய்யே படிப்பிச்சனான்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பயம் வந்தால் மற்றவர்கள் அடங்குவார்கள். எனக்கு விளக்கம் கூடும். வேண்டுமானால் இப்போதே அளந்து பார்ப்போம் என்றேன். (இருபத்திரண்டின் கீழ் ஏழுக்கும் உண்மையான பைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அதை ஒரு கேக்கை அளந்து கண்டுபிடிக்கலாம் என்று நம்பிய மனிதனுக்குத்தான் அம்மா பெண் கேட்டு வந்திருந்தார்.)

கௌசியின் அம்மா வீட்டிலே சட்டை தைப்பவர். தையல் மெசின்மேல் அளவு நாடா கிடந்தது. கேட்டு வாங்கினேன். கேக்கைச் சுற்றி நாடாவைப் போட்டேன். ஐசிங் நாடாவில் ஒட்டியது, நாடா என் சேட்டுக் கையில் ஒட்டியது. சுற்றளவு எண்பது என்று அறிவித்தேன். நாடாவை உருவி எடுத்து, கேக்கின் நடுவில் குறுக்காக வைத்தேன். அது அழுந்திக் கேக்கில் ஒரு வாய்க்கால் விழுந்தது. விட்டம் பத்து.

"வகுத்தால்?" என்று பெரியப்பா கேட்டார், வகுப்பில் கேட்பது போல.

"எட்டு" என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததை என் காதே நம்பவில்லை. மறுபடி அளந்தேன். மறுபடியும் எட்டு. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். "எட்டு" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். எட்டு சனியின் எண் என்று கௌசியின் அம்மா என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கேக் சரியான வட்டமில்லைப் போல என்று நான் கேக்கின்மேல் பழியைப் போட்டேன்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு குரல். அது வரைக்கும் கௌசி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"சுற்றளவு சென்ரிமீற்றரில எடுத்தனீங்கள். விட்டம் அங்குலத்தில. நாடா பிரண்டு கிடக்கு."

நான் நாடாவைப் பார்த்தேன். ஒரு பக்கம் சென்ரிமீற்றர், மறு பக்கம் அங்குலம். என் முன்னால் நடுவில் பிளந்த கேக். சேட்டில் ஐசிங். கட்டடங்களையே அளக்கிற பெண்ணின் முன்னால் ஒரு கேக்கை அளக்கத் தெரியாமல் நின்றேன். நிலம் பிளந்து உள்ளே போகலாம் என்றால் அது மூன்றாம் மாடி. பிளந்தாலும் கீழ் வீட்டுக்காரரின் குசினியில்தான் விழுவேன்.

அம்மா எழுந்து, நேரமாகிவிட்டது என்றார். கேக்கை ஒருவரும் வெட்டவில்லை. சொப்பின் பையில் வடை போட்டுத் தந்தார்கள். மறுக்க எங்களுக்குத் திராணி இல்லை.

திரும்பி வரும்போது அம்மா மருதானை வரைக்கும் மடியில் இருந்த வடைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஆர் எப்ப செத்தாலென்ன, பிறந்தாலென்ன, உனக்கென்னடா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு முதல் தடவையாகச் சொல்வதற்கு எந்த வரலாற்றுத் தகவலும் இருக்கவில்லை. அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது மட்டும் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. கௌசி.

"ஒண்டு கேக்கட்டே? நாடா பிரண்டது உண்மையாவே தெரியாதோ, இல்லாட்டிப் பெரியப்பாவைச் சமாளிக்க அப்பிடிச் செய்தனீங்களோ?"

நல்ல பிள்ளைக்கு நடிக்க அருமையான வாய்ப்பு. பெரியவர் மனம் நோகக்கூடாது என்று வேண்டுமென்றே தோற்றேன் என்று சொல்லியிருக்கலாம். என் மூளை அவ்வளவு வேகமாக ஓடாது.

"உண்மையாவே தெரியாது" என்றேன்.

மறுமுனையில் சிரிப்பு. மூச்சு வாங்கிச் சிரித்தார். போன மாதம் வந்த மாப்பிள்ளை, தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டுப் போனாராம். "நீங்கள் பறவாயில்லை" என்றார். அது பாராட்டா என்று நான் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை.

அவருடைய அம்மாவுக்கு அந்த எட்டும் இரண்டு சாவும் நெருடலாகவே இருந்தன. தடையை நீக்கியது நான் எதிர்பாராத ஆள். பெரியப்பா சொன்னாராம்: "பை எட்டெண்டு சொல்லுறவனை வெளியில விடக்கூடாது. வீட்டுக்குள்ள எடுத்துப் படிப்பிக்க வேணும்."

கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்து அவர் இந்தக் கதையை முந்நூறு பேருக்குச் சொன்னார். அதிலிருந்து எங்கள் இரு குடும்பத்திலும் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிச் சொன்னால், "எட்டு விடுறார்" என்றுதான் பேச்சு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள் என்று கேள்வி.

எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. எண்ணப் பழக்கியவர் பெரியப்பாதான். போன மாதம் பாலர் பாடசாலையில் சேர்க்கக் கொண்டு போனோம். ரீச்சர் எண்ணச் சொன்னார். பிள்ளை பயப்படாமல், கணீரென்று எண்ணியது.

"ஆறு, ஏழு, அப்பா, ஒன்பது, பத்து."