பாரிஜாதாவின் பழைய கோத்திரம்

தார்வாட்,
சனிக்கிழமை

சிரஞ்சீவி பிராணேஷனுக்கு அக்கா வனமாலாவின் ஆசீர்வாதம். குருராயர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். பெங்களூரில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று ஆராதனையில் அது நடந்தபோது சன்னிதியில் இருந்தவர்கள்: பூஜை செய்யும் கிருஷ்ணாச்சார், மடத்துப் பொறுப்பாளர் வெங்கோபராயர், புது மருமகள் பாரிஜாதா, அவள் மாமியார் தாராபாய், என்னோடு பெயர் எழுதும் அம்பாபாய், நான். ஆறு பேர். பந்தியில் காத்திருந்த இருநூறு பேர் காதில் விழவில்லை என்று வெங்கோபராயர் சொல்கிறார். விழுந்தது.

உனக்குத் தெரியும், வருஷா வருஷம் தங்கள் பேரில் சேவை நடக்க எழுதிவைத்தவர்களின் பெயர், கோத்திரம், திதி எல்லாம் பதினான்கு நோட்டுகளில் என் பொறுப்பில் இருக்கிறது. அவரவர் வந்து சேர்ந்த வரிசையில் எழுதியது, அதனால் இன்றைக்கு யார் யார் என்று கிருஷ்ணாச்சார் கேட்டால் பதினான்கையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும், போன ஆராதனையில் பெயர் வாசித்து முடிக்க மூன்று மணியாகி, பந்திக்கு வைத்த ரசம் ஆறி, வெங்கோபராயர், "அடுத்த தடவையும் இப்படின்னா நோட்டையெல்லாம் கட்டி மடத்து ஆபீசுக்கு அனுப்பிடுவேன் வனமாலாபாய்" என்று சொல்லிவிட்டார். பதினாறு வருஷ சேவை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரில் மலை மலையாய்க் கிடக்கும் விவரத்திலிருந்து கேட்டதை வேகமாக எடுத்துக் கொடுப்பதுதானே உன் உத்தியோகம், அதனால் உனக்குப் போன் பண்ணினேன். நீ சொன்னதைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்: நோட்டைத் தொடாதே, எந்தத் திதிக்கு எந்த நோட்டு, எந்தப் பக்கம் என்று தனியாக அட்டவணை போடு, அடிக்கடி கேட்கும் பெயர்களை ஓர் அட்டையில் எழுதிக் கை எட்டும் இடத்தில் வை, கூட்டம் என்றால் நகலெடுத்து மூன்று பேரை ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல், மூலத்தைத் திருத்தினால் நகலையும் திருத்து.

எல்லாம் செய்தேன். அட்டவணை போடக் கார்த்திகை முழுக்க ஆயிற்று. அட்டையை விளக்கடியில் வைத்ததில் எண்ணெய் பட்டு முதல் நாலு குடும்பம் அழிந்துபோயிற்று, பரவாயில்லை, தினமும் வருகிறவர்கள், மனப்பாடம். நகலை அம்பாபாய் எழுதினாள், முத்து முத்தாக. நேற்றுப் பன்னிரண்டு அடிப்பதற்குள் முக்கால்வாசி முடிந்து, வெங்கோபராயர் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் கிருஷ்ணாச்சார் நகலைப் பார்த்துப் பாரிஜாதா பெயரை அவள் அப்பாவின் கோத்திரத்தில் வாசித்தார். வைசாகத்தில் கல்யாணமாகிப் புருஷன் கோத்திரத்துக்குப் போன பெண். தாராபாய் மெதுவாகத் திரும்பி, "ஏம்மா, நம்மாத்துக்கு விருந்தாளியாத்தான் வந்திருக்கியா?" என்றாள். "விருந்தாளின்னா பாத்திரம் தேய்ப்பேனா அத்தை?" என்றது அந்தப் பெண். இருநூறு பேரும் சிரித்தார்கள், தாராபாய் சிரிக்கவில்லை.

"வேகமா வாசிச்சு என்ன பிரயோஜனம், கட்டிக்கொடுத்த பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டீங்களே" என்று வெங்கோபராயர் என்னைப் பிடித்தார். மூலத்தைத் திருத்தினால் நகலையும் திருத்தணும்னு என் தம்பி அப்பவே சொன்னான், நோட்டில் சரியாத்தான் இருக்கும், அம்பாபாய்தான் பழசைப் பார்த்து எழுதிட்டா என்றேன். அம்பாபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இருந்ததைத்தான் எழுதினேன் வனமாலா" என்றாள், அவ்வளவுதான். "சரி, நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நகலுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார் வெங்கோபராயர். அம்பாபாய் பாயசத்துக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். ஆகவே தம்பி, மூலம் மாறியதும் நகலெல்லாம் தானாக மாற உங்கள் ஆபீசில் என்ன செய்கிறீர்கள் என்று எழுது.

வேதாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். பேடா தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் பிரியமுள்ள அக்கா,
வனமாலா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒன்பதாம் நோட்டைப் பார்த்தேன். அதிலும் அப்பாவின் கோத்திரம்தான் இருக்கிறது. கோத்திரத்தை மாற்றச் சொல்லித் தாராபாய் வைசாகத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு என் கைப்பையில், மடிப்புக் கலையாமல். அட்டவணை சரி, நகல் சரி, அம்பாபாய் சரி. நாளைக் காலை முதலில் அவள் வீட்டுக்குப் போகிறேன். அடுத்த ஞாயிறு மடத்துக் கூட்டத்தில் வெங்கோபராயரிடமும் சொல்லிவிடுவேன், நோட்டுகள் போனாலும் போகட்டும், அதில் உன் யோசனை வேண்டாம். ஆனால் இனி இப்படி நடக்காமல் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். அதற்கு மட்டும் படித்துக் காட்டும்படியாக நாலு வரி எழுதிப் புதன்கிழமைக்குள் பதில் போடு.